எதிர்மலை விளக்கு

குன்னூரில் நான் அறை எடுத்துத் தங்கிய வீட்டின் சொந்தக்கார அம்மா காது மறைய மப்ளர் சுற்றியிருப்பார். சிரித்தால் மப்ளரும் சேர்ந்து குலுங்கும்.

இருட்டியதும் அவர் வீட்டு முன்னறை ஜன்னலில், எதிர்மலையிலுள்ள அருவங்காட்டு ஊரின் விளக்குகள் மினுங்கின. கேமராவை அதன் போக்கில் விட்டால், இருட்டுக்குப் பயந்து விளக்குகளையெல்லாம் வெள்ளைத் திட்டாக்கியது. வெளிச்சத்தை நானே குறைத்தால் ஜன்னலே கறுப்பானது. ஜன்னல் கண்ணாடியில் என் முகம் வேறு தெரிந்தது. அறை விளக்கை அணைத்து, கேமராவை ஜன்னல் விளிம்பில் அசையாமல் வைத்தபின் எக்ஸ்போஷர் ஒருவழியாகப் பிடிபட்டது. கீழிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அவசரமாகப் பட்டனை அழுத்தினேன்.

அறை விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்து அணைந்தது. படம் பாழ். சுவிட்சருகே அந்த அம்மா.

"கோவிச்சுக்காதீங்க. எதுத்தாப்ல எங்கக்கா குடியிருக்குதுங்க. தெனமும் இந்நேரம் ரெண்டு பேரும் லைட்டு போட்டு அணைச்சுக்குவோமுங்க."

"போன்ல பேசலாமே?"

"பேசுனா சண்டை வந்துருதுங்க!"

எதிர்மலையில் ஒரு புள்ளி அணைந்து எரிந்தது. அவர் கைதட்டினார். நான் மறுபடி அழுத்தினேன். சற்று நேரத்தில் பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

படத்தைக் காட்டினேன். எதுவும் திட்டாகாமல், விளக்குகள் தனித்தனிப் புள்ளிகளாக விழுந்திருந்தன. அவர் தயங்காமல் ஒன்றின்மேல் விரல் வைத்தார்.

"இதானுங்க எங்கக்கா. எப்படி முறைக்குது பாருங்க!"

இன்றும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, முறைக்கும் விளக்கைத் தேடுகிறேன். எனக்கென்னவோ எல்லாமே சிரிப்பதாகத்தான் தெரிகிறது.