இல்லாத தங்கச்சியின் மாப்பிள்ளை

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய்க் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். கொட்டாம்பட்டிப் பக்கம் லாரியில் கல் ஏற்றும்போது ஒரு கல் சரிந்து தொடையில் விழுந்தது. லாரி டிரைவர் என்னை மதுரையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, லோடு இறக்கப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். போனால்தான் அவருக்குக் கூலி.

அங்கே டாக்டருக்கும் கட்டிலுக்கும் காசு கிடையாது. ஆனால் நோயாளியோடு ஓர் ஆள் இருக்க வேண்டும். ஸ்டிரெச்சர் தள்ள, வெந்நீர் பிடிக்க, ஸ்டாக் தீர்ந்துபோன மருந்தை வெளியே வாங்கிவர எல்லாம் அந்த ஆள்தான். இத்தனைக்கும் சம்பளம் போட்டு ஆள் வைக்க அரசாங்கத்தால் முடியுமா? சொந்தபந்தங்களை நம்பித்தான் வார்டு நடந்தது. எனக்கு யாரும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒரு விவசாயி. அவருக்குத் துணையாக இருந்த மனைவி, தன் வேலையோடு வேலையாக எனக்கும் தண்ணீர் பிடித்துவைப்பார்.

காயத்தில் சீழ் வைத்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். அதற்கு ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்த வங்கியில் என் வகை இருந்தது. ஆனால் ஒரு பாட்டில் எடுத்தால், நோயாளியின் ஆள் யாராவது ஒரு பாட்டில் கொடுக்க வேண்டும். அப்படிக் கேட்காவிட்டால் அடுத்து வருபவனுக்கு இருக்காது. வாசலில் காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் நிற்பார்கள். வேறோர் ஊரில் சாப்பாட்டுக்காக நானும் அப்படி நின்றிருக்கிறேன். இப்போது அவர்களைக் கூப்பிட என்னிடம் எதுவும் இல்லை.

அன்று அந்த அம்மாவின் தம்பி ஊரிலிருந்து வந்திருந்தார். நல்ல உடம்பு. அம்மா என்னைக் காட்டி, "போயி இந்தத் தம்பிக்கு ஒரு பாட்டில் குடுத்துட்டு வாடா" என்றார்.

"என்னக்கா வெளையாடுறியா? ஆரு எவருன்னு தெரியாது. என்ன ஆளுகன்னு கூடத் தெரியாது."

"உங்க மாமாவுக்கு முந்தாநாளு ஏத்துனாகளே, அது என்ன ஆளுக ரத்தம்? கேட்டுட்டா ஏத்துனோம்?"

கட்டிலில் படுத்திருந்த விவசாயி கண்ணைத் திறக்காமலே, "அவனுக்கு ஊசின்னா பயம். அதச் சொல்லாம ஊர்க்கதை பேசுறான்" என்றார். வார்டே சிரித்தது. தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனார்.

போன ஆளைக் காணவில்லை. பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்து, காலை மறந்துவிட மனதைத் தயார்செய்துகொண்டேன். கடைசியில் கையை மடக்கிக்கொண்டு, முகம் வெளிறி வந்து என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள, என்ன உறவுன்னு கேட்டாக. தங்கச்சி மாப்பிள்ளைன்னு சொல்லிப்புட்டேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது. எந்திரிச்சு நடந்ததும் பொண்ணு கேட்டு ஊருக்கு வந்துறாத."

அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது. கால் தங்கிவிட்டது.

அவர் கொடுத்த ரத்தம் எனக்கு ஏறவில்லை. அவருடையது வேறு வகையாம். அது யாருக்குப் போனதென்று அவருக்குத் தெரியாது, எனக்கு ஏறியது யாருடையதென்று எனக்கும் தெரியாது. தர்ம ஆஸ்பத்திரி, எல்லாம் இலவசம் என்று யாராவது சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் நமக்கு முன்னால் வந்துபோன யாரோ ஒருவர் நமக்கும் சேர்த்துக் கொடுத்துவைத்ததைத்தான் இலவசம் என்ற சொல்லால் குறிக்கிறோம் என்பது, இந்தக் காலை ஊன்றி நடக்கும்வரை எனக்கு மறக்காது.