மையவாடிப் படத்தில் ஒரு பெயர்

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். கற்பிட்டியில் எங்கள் பள்ளிவாசல் கணினிக்கு மையவாடியின் வரைபடம் செய்து தந்தவர் ஒல்லியான மனிதர். பேசுமுன் மூக்குக்கண்ணாடியை இடுப்புச் சாரத்தின் நுனியில் துடைப்பார். மவுத்தாகி அடக்கப்பட்டவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து மவுஸால் இழுத்து, படத்தில் அவரவர் கபுறில் விடவேண்டும். பழகும்போது எனக்கு ஒன்று தவறியது.

"மையவாடிக் கிணத்துக்குள்ள போட்டுட்டீங்க, நானா," என்றார். பெயர் தானாகப் பட்டியலுக்குத் திரும்பி வந்தது.

அடுத்தது என் மனைவியின் பெயர். கபுறு வரை இழுத்து வந்தேன். மவுஸிலிருந்து விரலை எடுக்க முடியவில்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "புடிச்சிட்டு இருங்க. எவ்வளவு நேரம் எண்டாலும் அது விழாது. புரோகிராம அப்படித்தான் எழுதியிருக்கன்."

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பிடித்திருந்தேன். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி விரலை எடுத்தேன்.

யாருக்காக அப்படி எழுதினாரோ, அல்லாஹ்தான் அறிவான். இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.