மூடாமல் வைத்த கல்யாணப் பத்திரிகை

செஞ்சியில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் திருவண்ணாமலை ரோட்டில் பூங்குழலியிடம் கொடுக்க வேண்டும், கூடவே திட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். "ஒழுங்கா ஷட் டவுன் பண்ணாம ஏன் தூக்கினு வந்தீங்க?" என்று அவள் கேட்காத ஆள் கிடையாது. தொண்டூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, பன்னிரண்டு வருஷமாகத் தனியாளாகக் கடை நடத்துகிறவளுக்கு அந்தக் கோபமாவது இருக்க வேண்டாமா? வாய்தான் அப்படி, கை ரொம்ப நிதானம். எந்த டிஸ்க் வந்தாலும் நகல் எடுத்து அதில்தான் வேலை பார்ப்பாள். அசலைத் தொடவே மாட்டாள்.

வசந்தா வந்த அன்று அவள் திட்டவில்லை. வசந்தாவின் கணவர் தனசேகரன் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருந்தவர். நாலு மாதம் முன்பு டீ குடிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். மகள் சுவாதியின் கல்யாணப் பத்திரிகையை அவரே கடைக் கம்ப்யூட்டரில் பாதி கோத்து வைத்திருந்தார். இப்போது அதன் போர்டும் போய்விட்டது.

"மத்ததெல்லாம் போனா போவுது குழலி. அந்த ஒரு பக்கம் மட்டும் வேணும்" என்றாள் வசந்தா.

புருஷன் இல்லாதவள் பெயரில் எப்படி அழைப்பது, சுவாதியின் பெரியப்பா பெயரில் அடியுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். அவளும் தலையாட்டிவிட்டாள். அவர் வைத்த பூவும் எழுத்தும் இருந்தால் போதும் அவளுக்கு.

தனசேகரனின் தமிழ் எழுத்து மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். அதற்காகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை, விர்ச்சுவல் மெஷினாக, எட்டு வருஷம் முன்பு போட்டுக் கொடுத்தவளே பூங்குழலிதான். டிஸ்க் நன்றாக இருந்தது. அந்த மெஷினின் நகலை, இந்த மாதிரி மெஷின்களை ஓட்டத் தான் இப்போது வைத்திருக்கும் வேறு புரோகிராமுக்கு ஏற்ப மாற்றித் திறந்தாள். ஊரார் காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் இருந்தது. சுவாதியின் பத்திரிகையைக் காணோம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எப்போது கரண்ட் போகுமோ என்று தனசேகரன் அந்த மெஷினை மூடவே மாட்டார், திறந்த பக்கத்தோடு, இருந்த நிலை அப்படியே டிஸ்க்கில் பதியும்படி தூங்க வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பக்கத்தைச் சேமிக்கவும் இல்லை. டிஸ்க்கை எந்தப் புரோகிராமுக்கும் மாற்றலாம். தூங்க வைத்தபோது திறந்திருந்த பக்கத்தின் நினைவு அப்படி வராது. தூங்க வைத்த அதே புரோகிராம்தான், அதே ரகப் பிராசஸரில், எழுப்ப வேண்டும். எத்தனை தடவை சொல்லியும் கேட்காத மனுஷன் என்று வாய்வரை வந்ததைப் பூங்குழலி விழுங்கிக்கொண்டாள். நல்லவேளை, அசல் அப்படியே இருந்தது.

மூன்று நாள் விசாரித்ததில், பனமலையில் ஒரு டியூஷன் சென்டரில் அதே ரகக் கம்ப்யூட்டர் ஓரங்கட்டிக் கிடப்பது தெரிந்தது. இருவரும் ஸ்கூட்டியில் போனார்கள். பழைய புரோகிராமைப் போட்டு, அசலிலிருந்து இன்னொரு நகலை வைத்துத் திறந்தாள் பூங்குழலி. வசந்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

தனசேகரன் எழுந்துபோன நிமிஷத்தில் இருந்தபடியே பக்கம் வந்தது. ஓரமெல்லாம் மல்லிகைக் கொடி, நடுவில் சுவாதியின் பெயர். அடியில் 'அன்புடன் அழைக்கும்' என்பதற்குக் கீழே 'வசந்தா' என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயரை ஒட்டிக் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷமாக ஊரார் பத்திரிகையிலெல்லாம் ஆம்பளை பெயரையே முதலில் கோத்தவர் அவர். இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வசந்தா திரையில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்து அழுதாள். பூங்குழலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாகப் பக்கத்தைச் சேமித்தாள். பெரியப்பா பெயரை எங்கே போடுவது என்று தயங்கிக் கேட்டாள்.

"வேணாம். எம்பேரு அவரு வெச்ச எடத்துலயே இருக்கட்டும். பக்கத்துல அவரு பேரப் போடு."

பூங்குழலி 'தனசேகரன்' என்று அடித்து, மறுபடியும் சேமித்தாள். போதுமா யக்கா என்று கேட்டாள். வசந்தா இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அதற்கப்புறம்தான் பூங்குழலி ஷட் டவுனை அழுத்தினாள்.