உயர்ந்துகொண்டே போன தண்ணீர்த் தொட்டி

மூன்று மாதம் என்று சொல்லித்தான் எப்போதும் அனுப்புவார்கள். இருபத்திரண்டு வருடங்களாக நான் மூன்று மாத வேலைகளில்தான் இருக்கிறேன். நிரந்தர வேலைக்காரரான என் மைத்துனர் இதற்குள் நாலு கம்பெனி மாறிவிட்டார். தற்காலிக வேலைக்காரனான நான் ஒரே கம்பெனியில் நரைத்துவிட்டேன்.

என் தொழில் மட்டம் பார்ப்பது. முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் அதன் வழியே பார்த்து, தூரத்தில் ஒருவர் பிடித்திருக்கும் அளவுக் கம்பத்தில் என்ன எண் தெரிகிறது என்று படிக்க வேண்டும். எது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, நேற்றைக்கு இன்று இறங்கியிருக்கிறதா என்று மில்லிமீட்டர் கணக்கில் சொல்ல வேண்டும். அதனால் சைட்டில் எனக்கு 'மில்லி சார்' என்று பெயர். வீட்டில் வேறு பெயர். அங்கே நான் விருந்தாளி.

காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் நாலு வீடு மாறியிருக்கிறோம். 'நாங்கள்' என்பது பேச்சுக்கு. மூட்டை கட்டியதும் பிரித்ததும் மனைவியும் மகளும். நான் ஒவ்வொரு முறையும் புது விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டியவன். போன தடவை லீவில் போயிருந்தபோது குளியலறை விளக்கு என்று நினைத்து ஒரு ஸ்விட்சைத் தட்டினேன். உள்ளறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளின் மின்விசிறி நின்றது. அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தாள்: "அம்மா, விருந்தாளிக்கு லைட் போட்டு விடு!"

இப்போது ஐந்தாவது வீடு பார்த்தாகிவிட்டது. மனைவி போனில் தேதி சொன்னாள். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். நம்ப முடியாத பொருத்தம். நான் மட்டம் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு முப்பது நாள் கெடு. அதற்கு மறுநாள் வீடு மாற்றம்.

"கண்டிப்பா வந்துடுவேன்" என்றேன்.

"நீங்க சொல்லாம எப்ப இருந்தீங்க? வராமத்தான் இருந்தீங்க."

"இந்தத் தடவை பீரோவை நான்தான் தூக்கப் போறேன்."

"பீரோவை விடுங்க. உங்களத் தூக்கிட்டு வந்து சேருங்க. இல்லன்னா புது வீட்டு அட்ரஸ் அனுப்ப மாட்டேன். அளந்து கண்டுபிடிச்சுக்கோங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் போனை வைக்கும் முன் தேதியை இன்னொரு தடவை சொன்னாள்.

தொட்டியின் விஷயம் இதுதான். நாலு கால்களில் நிற்கும் பெரிய கான்கிரீட் தொட்டி. கட்டி முடித்து முழுக்கத் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது. அந்தப் பாரத்தில் கால்கள் மண்ணுக்குள் இறங்குகின்றனவா என்று முப்பது நாள் தினமும் பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அசையாவிட்டால் சைட் இஞ்சினியர் கையெழுத்துப் போடுவார், நான் பெட்டியைத் தூக்கலாம். இதைவிட எளிதான வேலை கிடையாது. அசையாத ஒன்று அசையவில்லை என்று எழுத வேண்டும்.

எங்கள் அறை சைட் கேட்டை ஒட்டி இருந்தது. தகரக் கூரை, ஒரு ஜன்னல், அதில் தொட்டி. நாங்கள் மூன்று பேர். நான், ஸ்டோர்காரர், பிறகு எனக்கு அளவுக் கம்பம் பிடிப்பவர். அவரைக் 'கம்பம்' என்று கூப்பிடுவார்கள். ஆள் என் தோள் உயரம் இருப்பார். வெயிலில் கம்பத்தோடு நிற்பதால் வந்த பேரே தவிர வளர்த்தியால் வந்ததல்ல.

அறைச் சுவரில் ஒரே ஒரு ஆணி இருந்தது. மூன்று பேர் சட்டையும் அதில்தான். காலையில் முதலில் கிளம்புகிறவரின் சட்டை எப்போதும் அடியில்தான் இருக்கும். மேலே இருக்கும் இரண்டையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் அதை உருவ வேண்டும். "இன்னொரு ஆணி அடிச்சா என்ன?" என்று யாராவது வாரத்துக்கு ஒரு தடவை கேட்பார். "எதுக்கு, மூணு மாசம்தானே!" என்று மற்ற இருவரும் சொல்வோம். இப்படிச் சொல்லியே எட்டு மாதம் ஆகிவிட்டது. ஒரு ஆணி அடித்தால் இந்த அறையில் குடியிருப்பதை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று மூன்று பேருக்கும் உள்ளூர ஒரு பயம்.

ஆணி அடிக்க மாட்டோம் என்று அடம்பிடித்த இந்த மூன்று மகான்களும் பன்னிரண்டாம் நாள் ஒரு வாஷிங் மெஷினுக்குச் சம்மதித்தோம். மூடப்பட்ட வேறொரு சைட்டிலிருந்து அனாதையாக வந்தது. ஸ்டோர்காரர் லாரியிலிருந்து இறக்கிக் கதவோரம் இருந்த குளிக்கும் தடுப்பில் வைத்தார். எது வந்து இறங்கினாலும் பதிவு செய்யாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஸ்டாக் நோட்டில் சிமெண்ட் மூட்டைக்கும் பைப்புக்கும் நடுவே எழுதினார்: 'துணி துவைக்கும் இயந்திரம், ஒன்று. மூடி உடைந்தது.'

முதல் நாளே தண்ணீர் அறைக்குள் வந்து படுக்கையை நனைத்தது. மட்டம் பார்க்கிறவன் இருக்கும் அறையில் தண்ணீர் தேங்குவதாவது! நான் ஒரு பழைய குழாயை எடுத்து, தண்ணீர் சரிந்து ஓட வாட்டம் பார்த்து, குளிக்கிற தண்ணீரும் துவைக்கிற தண்ணீரும் சேர்ந்து வாசல்படிக்குக் கீழே போய் விழும்படி வைத்தேன்.

"ஒரு சொட்டு தேங்குதா பாருங்க!" என்றேன்.

"அந்தத் தண்ணி எங்க போகும் சார்?" என்று கேட்டார் கம்பம்.

"மண்ணு குடிச்சுக்கும்."

மண் குடித்தது.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். உயரத்தை அளக்க அசையாத ஒரு புள்ளி வேண்டும். இந்தச் சைட்டுக்கு அது ஒரு கிலோமீட்டர் தள்ளி, பழைய கால்வாய்ப் பாலத்தின் கல்லில் பொறித்திருந்தது. தினமும் அங்கிருந்து படிப்படியாக அளந்துகொண்டு வந்து, திரும்பவும் அளந்துகொண்டு போய்ச் சரிபார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவும் வெயிலில். ஆகவே முதல் நாள் மட்டும் ஒழுங்காக அளந்து வந்து, எங்கள் அறை வாசல்படியில் ஒரு தற்காலிகப் புள்ளி வைத்தேன். அப்படி வைப்பது எல்லோரும் செய்வதுதான். வாரம் ஒரு முறை பாலத்துக் கல்லோடு சரிபார்க்க வேண்டும் என்பதும் விதிதான். விதியின் முதல் பாதி எனக்கு மிகவும் பிடித்தது. எழுந்து, பல் தேய்த்து, டீ கிளாஸைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பத்தைப் படியில் நிற்கவைத்து ஒரு எண், தொட்டிக் கால்களில் நிற்கவைத்து நாலு எண். வேலை முடிந்தது. தங்கும் அறை வாசலிலேயே ஆபீஸ் வைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்று பெருமைகூட இருந்தது.

இருபதாம் நாள் தொட்டி ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தது.

ஒரு மில்லி பெரிய விஷயமில்லை. கண் தவறும். இருபத்திரண்டாம் நாள் இரண்டு. "கம்பத்தை நேராப் பிடிங்கண்ணே" என்று கத்தினேன். "நேராத்தான் சார் நிக்கிறேன், பூமிதான் சாய்ஞ்சிருக்கும்" என்றார் கம்பம். இருபத்து நாலாம் நாள் மூன்று. கருவியைத் துடைத்தேன், முக்காலியின் திருகை இறுக்கினேன், மூக்குக் கண்ணாடியை மாற்றினேன். இருபத்தாறாம் நாள் நாலு. நாலு கால்களும் ஒற்றுமையாக நாலு.

இஞ்சினியர் மேடம் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கோபித்துக்கொள்ள மாட்டார், அதுதான் பயம். ரீடிங் தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"சார், லட்சக்கணக்கான லிட்டர் தண்ணிய தலையில வச்சுக்கிட்டு ஒரு தொட்டி எப்படி சார் மேல போகும்?"

"அதான் மேடம் எனக்கும்..."

"இறங்கினா மண்ணுல பிரச்சனைன்னு எழுதலாம். ஏறினா யாருக்கு எழுதறது?"

"நாளைக்கு ஒரு தடவை நிதானமாப் பாத்துட்டுச் சொல்றேன் மேடம்."

அறைக்கு வந்து படியில் உட்கார்ந்தேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து நுரையோடு தண்ணீர் காலடியில் விழுந்து, வந்த வேகத்தில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. புள்ளி வைத்த அன்று சிவப்பு பெயிண்டைக் கொஞ்சம் தாராளமாகவே இழுத்திருந்தேன். கோடு படியில் ஆரம்பித்துச் சுவரிலும் ஒரு சாண் ஏறியிருந்தது. இப்போது படிக்கும் சுவருக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி. சுவரில் இருந்த கோடு மேலே நின்றது. படியில் இருந்த கோடு அதன் கீழே, பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகள்போல், தள்ளி நின்றது.

தொட்டி ஏறவில்லை. படி இறங்கியிருந்தது. இறங்குகிற படியை வைத்து அளந்தால் அசையாத தொட்டி ஏறத்தானே செய்யும்! நாங்கள் மூன்று பேரும் குளித்துக் குளித்தும் துவைத்துத் துவைத்தும் ஒரு கான்கிரீட் தொட்டியை ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். நான் அதற்கு வாட்டமும் பார்த்துக் கொடுத்திருந்தேன்.

கம்பம் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாத்துட்டீங்களா சார்?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"நாலு நாளா தெரியும். கம்பத்தை வைக்கும்போது படி லேசா ஆடுச்சு."

"யோவ், ஏன்யா சொல்லல?"

"நீங்கதானே சார் அளக்கிறவரு. நான் பிடிக்கிறவன்." சற்று யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "நேராப் பிடின்னு திட்டினீங்க. நேராப் பிடிச்சேன்."

இன்னும் நாலே நாள். பாலத்துக் கல்லில் இருந்து ஒரு தடவை அளந்து பார்த்துவிடுவோம் என்று இருவரும் வெயிலில் கிளம்பினோம். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பியபோது உண்மை தெரிந்தது: தொட்டி இருபத்தாறு நாளில் ஒரே ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. சொக்கத் தங்கமான தொட்டி. அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஆகவே மனம் வேலை செய்ய ஆரம்பித்தது. தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை. பழைய தாள்களை மாற்றி, ஒரு மில்லி, அரை மில்லி என்று நல்ல எண்களாக எழுதிவிட்டால் முப்பதாம் நாள் கையெழுத்து, முப்பத்தோராம் நாள் பீரோ. மனைவி இரண்டாம் தடவை தேதி சொன்ன குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு நாளைக்குத்தான் எண்கள் செய்ய முடிந்தது. நிஜமான அளவில் எண்கள் தினமும் லேசாகக் கூடிக் குறையும். வெயில் நாளில் ஒருவிதம், மேகம் போட்ட நாளில் ஒருவிதம். நாலு கால்களுக்கும் பொருந்த வேண்டும். முதல் நாளோடு ஒட்ட வேண்டும். இஞ்சினியர் மேடத்தின் கண்ணுக்குத் தப்ப வேண்டும், அதைவிட முக்கியமாக ஏற்கெனவே அவர் பார்த்த தாளை அவர் மறக்கவும் வேண்டும். முழுப் பூசணிக்காயையாவது சோற்றில் மறைத்துவிடலாம்போல. பாலத்துக்கு நடக்கச் சோம்பல்பட்டவன், பொய்க்கு அதைப்போல ஐந்து மடங்கு உழைக்க வேண்டியிருந்தது. பென்சிலை வைத்துவிட்டேன். நான் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டவன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் என்னை மாட்டிவிட்ட அதே சோம்பேறித்தனம்தான் என்னைக் காப்பாற்றவும் செய்தது.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், வாட்டம், நுரை உட்பட.

"படி எந்த நாள்லேர்ந்து இறங்குச்சு?"

"வாஷிங் மெஷின் வந்த நாள்லேர்ந்து மேடம்."

"அதுக்கு ஏதாவது ரெக்கார்டு?"

ஸ்டோர்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த தருணம் அது. சிமெண்ட்டுக்கும் பைப்புக்கும் நடுவிலிருந்து எங்கள் மெஷினை எடுத்து, உடைந்த மூடியோடு சேர்த்து, உரக்கப் படித்தார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"முதல் பதினொரு நாள் சரி. மிச்சம் பத்தொன்பது நாள் பாலத்துலேர்ந்து அளந்து குடுங்க சார். தினமும். நடந்து."

பத்தொன்பது நாள். வீடு மாற்றத்துக்கு ஐந்துதான் இருந்தது.

மனைவிக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொட்டியிலிருந்து ஆரம்பித்தேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்ப நீங்க குளிச்சதால வர முடியல?"

"துவைச்சதாலயும்."

"வீட்ல இருக்கும்போது ஒரு துணி துவைச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"கடவுளுக்குக் கண்ணு இருக்கு" என்றாள். பிறகு, "சரி. பீரோவுக்கு ஆள் வச்சுக்கிறேன். அட்ரஸ் வரும்" என்று வைத்துவிட்டாள்.

அட்ரஸ் வந்தது, அதைத் தவிர ஒன்றும் வரவில்லை. நான் தினமும் பாலத்துக்கு நடந்தேன். குழாயை எடுத்துவிட்டேன், அறைக்குள் மறுபடி தண்ணீர் தேங்கியது. தொட்டி கடைசிவரை அசையவில்லை.

ஐந்தாவது வீட்டின் கதவை வழக்கம்போல் தட்டினேன். மகள் திறந்து, "அம்மா, விருந்தாளி!" என்றாள். உள்ளே போனேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனால் ஏதோ விநோதமாக இருந்தது. நாட்காட்டி தரையில் சுவரோரம் சாய்ந்திருந்தது. கடிகாரம் பீரோ மேல் படுத்துக்கொண்டு நேரம் காட்டியது. துணிகளெல்லாம் நாற்காலி முதுகுகளில் தொங்கின. மகள் திரும்பிப் போய், தரையில் இருந்த கண்ணாடியில் குனிந்து பார்த்துத் தலை சீவ ஆரம்பித்தாள்.

"ஒரு ஆணிகூட அடிக்கலையா?" என்று கேட்டேன்.

"அடிக்கலை" என்றாள் மனைவி. "வீடு மாத்தும்போதுதான் வரலை. இதுக்காவது வருவீங்கன்னு வச்சிருக்கோம்."

"பதினஞ்சு நாளா இப்படியேவா?"

"பின்ன? எனக்கு முதுகு வலியே வந்துடுச்சு" என்றாள் மகள்.

மனைவி சுத்தியலையும் ஒரு டப்பா ஆணியையும் என் கையில் கொடுத்தாள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல், சுவரில் பென்சிலால் அடையாளம் வைத்து, கிட்டப் பார்த்து, எட்டப் பார்த்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, முதல் ஆணியை அடித்தேன். நாட்காட்டியை மாட்டினாள். மூவரும் தள்ளி நின்று பார்த்தோம்.

கோணலாகத்தான் இருந்தது.

"எத்தனை மில்லிப்பா?" என்றாள் மகள்.

பிடுங்கி அடிக்கப் போனேன். மனைவி சுத்தியலைத் தடுத்தாள். "அது இருக்கட்டும். அடுத்ததை அடிங்க. இன்னும் பத்து இருக்கு."