பாயம்மா வீட்டுச் சாக்கடையும் ஏழு மெழுகுவத்தியும்

குர்ஷித் பேகம் வீட்டு வாசலில் ஓடிய சாக்கடை ஓடியதே இல்லை. காண்ட்ராக்டர் சாய்மானத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தார். தண்ணீருக்கு மேடேற மனமில்லை. தெரு பாயம்மா என்று கூப்பிடும் பேகம், மனு மேல் மனு கொடுத்தாள். மனுக்கள் மட்டும் நன்றாக ஓடின.

1979 டிசம்பர். செங்கம் ரோட்டிலிருந்த அந்த வீட்டு மாடியறையில் லொரெய்ன் குடியிருந்தாள். பக்கத்து ஆசிரமத்தில் தியானம் செய்ய வந்து, தமிழும் கற்றுக்கொண்டிருந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண். மாதக் கடைசியில் தன் மக்களின் குவான்சா பண்டிகை வருகிறது, ஏழு நாள், நாளுக்கொரு நெறி, ஒரு மெழுகுவத்தி என்றாள். நடுவில் கறுப்பு, ஒரு பக்கம் மூன்று சிவப்பு, மறுபக்கம் மூன்று பச்சை. கடையில் வெள்ளைதான் கிடைத்தது. பேகம் சாயப்பொடியும் கண்மையும் பூசிக் கொடுத்தாள். ஜன்னலில் வைத்தார்கள்.

அந்த நாட்களில் "ஹபாரி கானி?" என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும், என்ன சேதி என்று பொருள். அன்றைய நெறிதான் பதில்.

"நம்ம உருதுலயும் சேதிக்கு கபர்னுதானே, மகளே!" என்றாள் பேகம். மூன்றாம் நாள் அவளே கேட்டாள். "இன்னிக்கு என்னா கபர்?"

"உஜிமா. எல்லாரும் சேந்து வேலை. தெரு கஷ்டம், நம்ம கஷ்டம்."

"அப்போ சாக்கடைதான்."

தெருவைக் கூப்பிட்டாள். தெருவுக்கு முதுகுவலி, வயிற்றுவலி, வெளியூர்க் கல்யாணம். இரண்டு பெண்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள்.

தேர்தல் நேரம். வார்டுக் கட்சிக்காரர் இராமலிங்கம் சைக்கிளில் வந்தவர் ஜன்னலைப் பார்த்தார். கறுப்பும் சிவப்பும் ஒரு கட்சியின் கொடி, பச்சை இன்னொரு கட்சியின் கொடி. சைக்கிள் நின்றது.

"பாயம்மா, ரெண்டு கட்சியும் கூட்டு சேந்துட்டாங்களா?"

"சேந்து வேலை செய்யறதுங்க, அவ்ளோதான்."

"சேந்தேவா!"

பேர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாதென்று அரை மணியில் அவர் ஆட்கள் கொடியோடு வந்தார்கள். சேதி பரவி மற்ற கட்சிகளும் வந்தன. அள்ளிய சேற்றை அடுத்தவன் கொடிமேல் வீசி, போட்டி போட்டுத் தூர்வாரினார்கள். அடிமண்ணை வெட்டியதில் சாய்மானமும் சரியானது. ஒற்றுமைக்கு இத்தனை கொடி வேண்டுமென்று லொரெய்னுக்கு அவள் ஊரில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

தேர்தல் முடிந்தது. லொரெய்ன் ஊர் திரும்பினாள். சாக்கடை மறுபடி தூர்ந்தது. பேகம் வருடா வருடம் ஜன்னலில் மெழுகுவத்தி வைத்தாள், வந்தவர்களிடமெல்லாம் என்னா கபர் என்று கேட்டாள். தேர்தல் இருந்தால் கட்சிகள் வந்தன. இல்லாவிட்டால் அவள் தனியாக இறங்கினாள். இதென்ன வழக்கம் என்று ஜமாத்தார் கேட்டார்கள்.

"நீங்க மண்வெட்டி எடுங்க, நான் மெழுகுவத்திய எடுத்துடறேன்."

அவர்கள் எடுக்கவில்லை.

1987, ஐப்பசி மழையில் பேகம் இறந்தாள். வாசல் முழுக்கச் சாக்கடை. உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிப் போக வழியில்லை. பண்டிகைக்கு இன்னும் நாளிருந்தது, ஜன்னல் காலி. தேர்தலும் இல்லை.

இராமலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். பின்னால் ஜமாத்தார் இறங்கினார்கள், தெரு இறங்கியது. கொடி இல்லை.

இடுப்பை நிமிர்த்திய இராமலிங்கம் ஜன்னலைப் பார்த்தார். "இந்நேரம் கேட்டிருப்பாங்க, என்னா கபர்னு."

குனிந்து வெட்டினார்கள். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அவளைத் தூக்கினார்கள்.