வடகரை வரப்பில் ‘கொஞ்சம்’ என்பது எவ்வளவு

இதனை வாசிக்கும் ஐயா, அம்மா, தங்களுக்கு என் வணக்கம். கொஞ்சம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அது எவ்வளவு என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. எனக்கு அவ்விசாரணை ஒரு நாற்றங்காலால் நேர்ந்தது.

நான் தென்காசியில் தறி நெய்தவன். எழுத்தைக் கடைப்பலகைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். பாவு இத்தனை முழம், நூல் இத்தனை கழி என்று அளந்தே பேசுவது எங்கள் தொழில் வழக்கம். யுத்தத்திற்குச் சில ஆண்டுகள் முன்னர் மாமனார் காலமாகவே, அவருடைய வயலைப் பார்ப்பதற்காக மனைவியுடன் வடகரைக்குக் குடிபெயர்ந்தேன்.

அவ்வருடம் ஆனி பிறந்தும் குற்றாலத்தில் சாரல் இறங்கவில்லை. வாய்க்கால் நீர் மேல்வயலோடு நின்றுவிட்டது. கீழே எங்கள் நாற்றங்கால் வெடித்து, நாற்றின் நுனி கருகத் தொடங்கியது. வீட்டிலிருந்த விதைநெல் முழுவதையும் அதில்தான் பாவியிருந்தோம். அது போனால் நடவே இல்லை.

மேல்வயல்காரரிடம் பணிவாகவே சொன்னேன்: “அண்ணாச்சி, அரை நாழிகை தண்ணி விட்டாப் போதும்.”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“அரை நாழிகையா? இன்னைக்கு அரை நாழிகைம்பீரு. அடுத்த வருசம் அது என் பங்குன்னு ஊர்க்கூட்டத்துல வந்து நிப்பீரு. போவும்வே! தறியில போயி நூலை அளவும்!”

குறைவாகக் கேட்டதற்கு இத்தனை கோபம் ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. அவ்வூரிலேயே பிறந்த என் மனைவி கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அளவு சொல்லியா கேட்டிய? பங்கு கேக்குத மாதிரில்லா இருக்கு! கொஞ்சம் தண்ணி வேணும்னு கேளுங்க.”

“எம்புட்டுன்னு கேட்டா?”

“அப்பவும் கொஞ்சம்னே சொல்லுங்க.”

நூல் அளந்த புத்திக்கு இது ஏறவில்லை. ஆயினும் மறுநாள் காலையில் போய் அவ்வாறே கேட்டேன்.

“எம்புட்டுவே?” என்றார் அவர்.

“கொஞ்சம், அண்ணாச்சி.”

அவர் சிரித்துவிட்டார். “இன்னைக்கித்தான் நம்ம ஊர் மாப்பிள்ளை மாதிரி பேசுதீரு. இந்தாரும், நீரே வெட்டி விடும்” என்று மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு, தென்னை மூட்டில் முகத்தைத் துண்டால் மூடிப் படுத்துக்கொண்டார்.

வரப்பை வெட்டினேன். கொடுத்தவர் பார்க்கவில்லை, அடைக்கவேண்டியவன் நானே. என் நாற்றின் அடி நனைய நனைய, அவர் வயலில் நீர் தாழ்வது கண்ணில் பட்டது. என் நாற்றங்காலின் ஒரு மூலைக்கு நீர் எட்டுமுன்னரே, கை தானாக மண்ணை அள்ளி வைத்து அடைத்துவிட்டது.

அவர் எழுந்து வந்தார். “ஏன் அடைச்சீரு?”

“போதும், அண்ணாச்சி.”

“அங்கன மூலை காயுது, போதுங்காரு!” என்று காலாலேயே மண்ணைத் தள்ளித் திறந்துவிட்டார். முதல்நாள் நான் கேட்ட அரை நாழிகைக்கும் அதிகமாகவே நீர் பாய்ந்தது. நாற்றுப் பிழைத்தது, நடவும் நடந்தது.

பிற்பாடு அக்கம்பக்கத்து உழவர் பலரிடம், கொஞ்சம் என்றால் உங்கள் கணக்கில் எவ்வளவு என்று கேட்டுப்பார்த்தேன். ஒருவர் விரற்கடை என்றார், ஒருவர் நாற்றின் அடி நனையுமளவு என்றார். ஒருவர், இதையெல்லாமா கேட்பது என்று கோபித்துக்கொண்டார். எனக்கு இன்றும் விடை தெரியாது. இவ்வழக்கத்தை வேறெவரும் எழுதி நான் கண்டதில்லை. ஆகையால் இக்குறிப்பை எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.