தோளிலிருந்து இறங்கிய பேச்சு

தலையை இடப்பக்கம் சாய்த்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இறுக்கிக்கொண்டு, யாருடைய கால்சட்டைக்கோ இடுப்பளவைக் குறைத்துத் தைத்துக்கொண்டிருந்தார் ஆல்டரேஷன் அக்கா. கை துணியில், கால் மிதியில், கண் ஊசியில். வாய் மட்டும் வேறு ஊரில் இருக்கும் தங்கையிடம்.

"ம்... சொல்லுடி. அப்புறம்? அவ மூஞ்சி எப்படிப் போச்சு?"

புதிதாக வந்த வாடிக்கையாளர்கள் தங்களிடம்தான் பேசுகிறார் என்று நினைத்து விழிப்பார்கள். அதே அறையின் மறுபாதியில் சட்டைகளைத் தேய்க்கும் இஸ்திரிக்காரர், 'காத்திருங்கள்' என்று கையைக் காட்டுவார்.

அந்தப் போன் சோப்புக்கட்டி அளவு தடிமன். பொத்தான்களில் எண்கள் அழிந்து பல காலம் ஆகியிருந்தது. பின்மூடி கழன்று விழாமலிருக்க, பாவாடைக்கு வைக்கும் எலாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டி மாட்டியிருந்தார். தோளில் வைத்தால் பூனைக்குட்டி போல அசையாமல் கிடக்கும்.

"கழுத்து ஒரு நாள் அப்படியே நின்னுடப் போகுதுக்கா" என்பார் இஸ்திரிக்காரர்.

"நீ காலரைப் பாரு தம்பி. என் கழுத்தை நான் பார்த்துக்கறேன்."

அக்காவுக்கு எதிரில் ஆள் இருந்தால் பேச்சு வராது. மகளிடம்கூட நாலு வார்த்தைதான். ஆனால் தையலைப் பார்த்துக்கொண்டே தங்கையிடம் எதையும் சொல்லிவிடுவார். கணவர் இறந்துபோன செய்தியையும் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்தபடிதான் சொன்னார். கொக்கிகள் ஒன்றுகூடக் கோணவில்லை.

பிறகு தங்கைக்குக் காது மந்தமானது. அக்கா கத்தத் தொடங்கினார். குடும்ப விஷயமெல்லாம் தெரு முழுக்கக் கேட்டது. கேட்க வேண்டியவளுக்கு மட்டும் கேட்கவில்லை. ஒரு நாள் தங்கையே, "போதும்க்கா. உன் தொண்டைதான் புண்ணாகுது. இனிமே போன் வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பின் அந்த அறையில் மிஷின் சத்தம்தான். இஸ்திரிக்காரர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். 'ம்' என்பதோடு நின்றது.

மகள்தான் ஸ்மார்ட்போன் வாங்கி வந்தாள். "சித்தி இப்ப உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்கறாங்கம்மா. நீ முகத்தைக் காட்டினா போதும்."

"இந்தக் கண்ணாடிச் சில்லையா? தோள்ல நிக்குமா இது?"

நிற்கவில்லை. வழுக்கி, வெட்டுத்துணிக் கூடையில் விழுந்தது. அழைப்பு வந்தபோது, ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் தொப்பியோடே திரையைத் தட்டு தட்டென்று தட்டினார். அது அசையவே இல்லை. "திமிரு பிடிச்ச போனு" என்றார். இஸ்திரிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தொப்பியைக் கழட்டித் தேய்ங்கக்கா" என்றார்.

எடுத்ததும் பழைய வழக்கப்படி அதைக் காதில் வைத்துக்கொண்டார். தங்கை சிரிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, உன் காதுதான் தெரியுது! தோட்டைத் தொடச்சே எவ்வளவு நாளாச்சு?"

போனைத் துணிக்கட்டின் மேல் சாய்த்து வைக்க மகள் சொல்லிக்கொடுத்தாள். ஆனாலும் பேசத் தொடங்கியதும் அக்காவின் கண் தானாகத் துணிக்கு இறங்கிவிடும். தங்கைக்குத் தெரிவதெல்லாம் நடு வகிடு. "நிமிருக்கா" என்பாள். நிமிர்ந்தால் உதடுகளுக்கிடையில் வரிசையாகக் குண்டூசிகள். "முதல்ல அதைத் துப்பு!"

துப்பிவிட்டு அக்கா திரையைப் பார்ப்பார். அங்கே தங்கை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவுக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். "சரி, வேலை கிடக்குது, வைக்கிறேன்" என்று முடித்துவிடுவார். பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு முறை மணி அடித்தும் எடுக்காமல் தைத்துக்கொண்டிருந்ததை இஸ்திரிக்காரர் பார்த்தார்.

வானம் மூடிக்கிடந்த ஒரு பிற்பகல். அக்கா ஒரு கோட்டின் உள்துணியை மாற்றிக்கொண்டிருந்தார். தங்கை அழைத்தாள். இந்த முறை சிரிப்பில்லை.

"டாக்டர் சொல்லிட்டாருக்கா. மிச்சம் இருக்கறதும் போயிடுமாம். நான் பேசறது எனக்கே கேக்காதாம்."

தன் குரலின் அளவு தெரியாமல் உரக்கச் சொன்னாள். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

அக்கா குனிந்தபடியே தைத்தார். துணியைப் பார்த்து ஏதோ சொன்னார், நெடுநேரம் சொன்னார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்கா, பின்னாடி ஜன்னல். உன் முகமே இருட்டா இருக்கு. என்ன சொல்றே? எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா."

மிதியிலிருந்து கால் எடுபட்டது. மிஷினின் தலைக்கருகே, ஊசிமுனையில் மட்டும் வெளிச்சம் விழும்படி வளைத்து வைத்த சின்ன விளக்கு ஒன்று உண்டு. அக்கா அதன் கழுத்தைப் பிடித்துத் துணியிலிருந்து திருப்பி, கண் கூச, தன் முகத்துக்கு நேராக வைத்தார்.